'வா' என்றால் ஓடிப்போகிற நாய்

கேள்வியை ஒருமுறை என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள் தங்கச்சி. பாண்டிருப்பில் இருக்கிறீர்கள். வீட்டில் ஜிம்மி என்ற கடுவன் நாய், ஊர்ச் சாதி, இரண்டு வயது. நாலு மாதக் குட்டியாக இருந்தபோது கடற்கரை வாடிக்குப் பக்கத்தில் கண்டு தூக்கி வந்தது. யூரியூப்பைப் பார்த்து 'இரு', 'கை கொடு' எல்லாம் பழக்கப் பார்த்தீர்கள். குசினியில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றால் இருக்கிறான், வளவுக்குள் இறங்கினால் நீங்கள் யாரோ அவன் யாரோ. கூப்பிட்டால் வருவதில்லை, கேற் திறந்தால் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓட்டம், வீட்டுக்கு வருகிறவர்கள் மேல் பாய்ச்சல். 'ரெண்டு வயசு தாண்டின ஊர் நாய், இனி ஒண்டும் ஏறாது' என்று மாமா சொல்லிவிட்டார். ஒருவர் தன்னிடம் விட்டால் ஒரு மாதத்தில் பழக்கித் தருவதாகக் காசு கேட்கிறார், கொடுக்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். கேள்வியின் தலைப்பில் 'வித்தைகள் பழக்குவது எப்படி' என்று இருந்தாலும், நீங்கள் கேட்டது அதுவல்ல என்று நினைக்கிறேன். இவன் மக்கா, அல்லது நான் பிந்திவிட்டேனா என்பதுதான் கேள்வி.

இரண்டும் இல்லை. எப்படிச் சொல்கிறேன் என்றால், கண்ணிவெடி தேடும் நாயை நடத்துகிறவனாக வடக்கில் ஏழு வருடம் வேலை செய்தேன். மட்டக்களப்பு மாவட்டத்தை 2017இல் கண்ணிவெடி அற்றதாக அறிவித்த காலத்தில்தான் ஊருக்குத் திரும்பினேன். இப்போது கல்லடியில் என் வீட்டில் மூன்று நாய்கள், மூன்றும் தெருவில் இருந்து வந்தவை. அயலில் யாருடைய நாய் சொல்வழி கேட்காவிட்டாலும் என் கேற்றில் வந்து நிற்பார்கள். நான் மிருக வைத்தியன் இல்லை. ஜிம்மியைக் கண்ணால் காணவும் இல்லை. பாய்கிறான் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், கடித்தான் என்று எழுதவில்லை. கடித்திருந்தால் கீழே சொல்வதை விட்டுவிட்டு முதலில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கடிக்கிற நாய்க்கு எழுத்தில் மருந்து சொல்லக் கூடாது.

மாமாவின் வயதுக் கணக்கில் கால்வாசி உண்மை இருக்கிறது. நாய்க்குட்டி மனிதரோடும் சத்தங்களோடும் புதிய இடங்களோடும் பயமில்லாமல் ஒட்டிக்கொள்கிற காலம் ஒன்று உண்டு. கிட்டத்தட்ட மூன்றாம் கிழமையில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினாலாம் கிழமையோடு அது ஒடுங்கிவிடும். அமெரிக்காவில் ஸ்கொட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதிய விஷயம் இது. ஜிம்மி உங்களிடம் வந்தது அந்தக் காலம் முடிந்த பிறகு. அதனால் அந்நியரைக் கண்டால் படபடப்பு, வெடிச் சத்தத்துக்கு நடுக்கம் என்று ஏதாவது அவனிடம் மிச்சமாக இருக்கலாம், அதை முழுதாகக் கழற்றி எடுப்பது கஷ்டம். ஆனால் படிப்புக்கு அப்படி ஒரு கதவு மூடுவதில்லை. நான் நடத்திய நாய்கள் ஒரு வயது தாண்டிய பிறகுதான் வேலைக்கே வந்தன. அப்புறம் அந்த 'ஊர் நாய்' பேச்சு. வெளிநாட்டு வேலை நாய்க்கும் நம் ஊர் நாய்க்கும் வித்தியாசம் இருக்கிறதுதான். மலினோய் என்ற வெளிநாட்டு வேலைநாய்ச் சாதி ஒரு பந்துக்காக நாள் முழுக்க உயிரைக் கொடுக்கும். ஊர் நாய் பந்தைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும், 'இதில் எனக்கு என்ன?' என்று. அது மக்குத்தனம் இல்லை, கணக்குப் பார்க்கிற புத்தி. கூலி சரியாக இருந்தால் வேலை செய்யும்.

உண்மையில் ஜிம்மி நிறையப் படித்துவிட்டான். யோசித்துப் பாருங்கள், ஒரு நாளில் அவனை எதற்கெல்லாம் 'வா' என்று கூப்பிடுகிறீர்கள்? கிணற்றடியில் குளிப்பாட்ட. உண்ணி பிடுங்க. நீங்கள் வெளியில் போகுமுன் சங்கிலியில் கட்ட. ரோட்டில் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே அடைக்க. சாப்பாடு போடும்போது மட்டும் கூப்பிடவே தேவையில்லை, கோப்பைச் சத்தத்துக்கே வந்துவிடுகிறான். ஆக 'வா' என்ற சொல்லுக்கு அவன் அகராதியில் 'இப்போது கையில் இருக்கும் நல்லது முடியப்போகிறது' என்று பொருள். நீங்கள் பழக்கவில்லை என்று நினைத்த இத்தனை காலத்தில், கூப்பிட்டால் தள்ளி நிற்க வேண்டும் என்று தினமும் பல தரம் பழக்கியிருக்கிறீர்கள். அவனும் வடிவாகப் படித்திருக்கிறான்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஊருக்கு வந்த முதல் வருடம், வீட்டில் இருந்த நாய் கேற்றைத் தாண்டி ஒருவருடைய ஆட்டுக்குட்டியைத் துரத்திவிட்டது. ஆட்டுக்காரர் வாசலில் நின்று ஏச, எனக்கு வெட்கமும் கோபமும். கூப்பிட்டேன், வந்தது. வந்த நாய்க்குக் கயிற்றால் ஒன்று போட்டேன். ஏழு வருடம் நாயோடு பிழைத்தவன் செய்த வேலை அது. ஆட்டைத் துரத்தியதற்கு அடித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். நாய் நினைத்தது வேறு: கூப்பிட்டார், போனேன், அடித்தார். அதற்குப் பிறகு மூன்று கிழமைக்கு மேல் நான் கூப்பிட்டால் பத்தடி தள்ளி நின்று வாலை மட்டும் ஆட்டும். அந்தப் பத்தடியை ஒன்பது, எட்டு என்று குறைக்க நான் கொடுத்த ஈரலுக்குக் கணக்கில்லை.

ஆகவே முதல் வேலை, அந்தப் பழைய 'வா'வைத் தூக்கிப் போடுங்கள். கெட்டுப்போன சொல்லைத் துடைத்து எடுப்பதைவிடப் புதுச் சொல் தொடங்குவது லேசு. இந்த இடத்தில் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது, யூரியூப்காரர்கள் அதைச் சொல்வதில்லை. நம் கட்டளைச் சொற்கள் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. 'வா', 'தா' இரண்டும் நாயின் காதில் கிட்டத்தட்ட ஒன்று. 'படு', 'விடு', 'எடு' மூன்றும் ஒரே வாலோடு முடிகின்றன. நான் பாவிப்பது இவை: உட்கார 'இரு', படுக்க 'கிட', வாயில் இருப்பதைப் போட 'விடு', வருவதற்கு 'இஞ்ச வா' என்று இழுத்து ஒரு ராகத்தோடு. 'சிட்', 'கம்' என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் நாய்க்கு ஒன்றுதான், அதில் கௌரவம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லக் கூடாது. அம்மா 'வாடா மனே' என்றும், தம்பி 'கம் கம்' என்றும், நீங்கள் பெயரை மட்டும் பத்துத் தரமும் கூப்பிட்டால் அவன் எதைப் பிடிப்பான்? ஒரு கடதாசியில் நாலு சொல்லை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். அது நாய்க்கு இல்லை, வீட்டாருக்கு.

இன்னொரு சொல்லும் வேண்டும், அது கட்டளை இல்லை, 'இதுதான், இதற்குத்தான் கூலி' என்று அந்த நொடியைக் குறிக்கிற சத்தம். இருபதாம் நூற்றாண்டு நடுவில் அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியலாளரிடம் படித்த பிறெலண்ட் தம்பதியர் மிருகங்களைப் பழக்க இப்படியான சத்தத்தைப் பாவித்தார்கள். இன்று கடையில் விற்கிற, அமத்தினால் 'கிளிக்' என்று சத்தம் போடுகிற கிளிக்கர் அந்த வழியில் வந்ததுதான். வாங்க வேண்டும் என்று இல்லை, நாக்கால் 'டொக்' என்று தட்டினால் போதும். ஏன் இது தேவை என்றால், நாய் உட்கார்ந்து, நீங்கள் பைக்குள் கைவிட்டுத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் அவன் எழும்பிவிடுவான். அப்போது கூலி எழும்பினதற்குப் போய்ச் சேரும். டொக் சத்தம் பின்புறம் நிலத்தில் பட்ட அந்தக் கணத்திலேயே விழுந்துவிட்டால், தீன் இரண்டு நொடி பிந்தினாலும் பரவாயில்லை. சிலர் 'சரி' என்றோ 'ஓம்' என்றோ வைத்துக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் அது சரிவராது. தொலைபேசியில் ஒரு மாமியோடு பேசி முடிப்பதற்குள் எத்தனை 'ஓம்' சொல்கிறோம்? அத்தனைக்கும் நாய் கூலி எதிர்பார்த்துப் பார்த்துக் கடைசியில் அந்தச் சொல்லையே நம்பாமல் விட்டுவிடும். முதல் நாள் ஒன்றும் பழக்காமல், டொக், ஒரு துண்டு, டொக், ஒரு துண்டு என்று பத்துப் பதினைந்து தரம் கொடுங்கள். டொக் கேட்டதும் உங்கள் கையைப் பார்த்தால் அவனுக்கு விளங்கிவிட்டது.

கூலி என்ன என்பது முக்கியம். கடைப் பிஸ்கட் வேண்டாம். அவித்த கோழி ஈரல், கச்சான் பருப்பு அளவுக்கு நறுக்கியது, என் அனுபவத்தில் இதற்கு மிஞ்சினது இல்லை. முள் எடுத்த அவித்த மீனும் நல்லது. நெத்தலிக் கருவாட்டுக்கு எந்த நாயும் மயங்கும், ஆனால் உப்பு. நன்றாக ஊறவைத்துக் கழுவி, அதுவும் இடைக்கிடை மட்டும். வெங்காயம் போட்ட கறித்துண்டு, சொக்கலேட், முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) மூன்றும் நாய்க்கு நஞ்சு. அவித்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும். பழக்குகிற நேரத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள், வயிறு நிறைந்தவனுக்கு ஈரலும் ஒன்றுதான் இலையும் ஒன்றுதான். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. அவன் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது 'இஞ்ச வா'. குசினியில், கதவைச் சாத்திவிட்டு, இரண்டடி தூரத்தில் தொடங்குங்கள். அவன் எப்படியும் உங்களிடம் வந்துகொண்டிருக்கும்போது மட்டும் சொல்லைச் சொல்லுங்கள், வராத நாய்க்குச் சொல்லாதீர்கள். வந்து உங்கள் காலில் முட்டினதும் டொக், துண்டு. கழுத்துப்பட்டியை ஒரு கையால் மெல்லப் பிடித்தபடி துண்டைக் கொடுங்கள், பிடித்ததும் உடனே விட்டுவிடுங்கள். இது சின்னதாகத் தெரிந்தாலும் பாதி வேலை இதில்தான். பல நாய்கள் வந்துவிடும், கை கழுத்துக்கு நீளும்போதுதான் நழுவும். இரண்டாம் நாள் விறாந்தை. பிறகு வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறிக் கூப்பிடுங்கள், அவனுக்கு அது விளையாட்டாகிவிடும். அதற்குப் பிறகுதான் வளவு. வளவில் பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள், கழுத்தில் இல்லை, நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டியில். பாண்டிருப்பில் கடற்கரையை வைத்துக்கொண்டு கயிறுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை, மீன்பிடிக் கடையிலேயே கிடைக்கும். கயிறு இழுக்க இல்லை, அவன் கைதவறிப் போகாமல் இருக்கத்தான். உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஓடுகிற நாயின் நைலோன் கயிறு தோலை உரித்துவிடும், எனக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒரு விதி மட்டும் கடுமையாக வையுங்கள். இந்தப் புதுச் சொல்லை ஒருதரம்தான் சொல்வது, அதுவும் வருவான் என்று தெரிந்தால்தான். குளிப்பாட்ட வேண்டுமா, நீங்களே நடந்து போய்ப் பிடித்து வாருங்கள். ரோட்டில் இருந்து உள்ளே அடைக்க வேண்டுமா, கூப்பிட்டுத் துண்டு கொடுத்து மறுபடி விளையாட விடுங்கள், அப்படி நாலு தரம் செய்து ஐந்தாம் தரம் அடையுங்கள். 'இரு', 'கை கொடு' போன்றவற்றுக்கு நாயின் பழக்கம் இறுகியபிறகு கூலியை இடைக்கிடைதான் கொடுக்க வேண்டும். லொத்தர் வாங்குகிறவர் விழாவிட்டாலும் அடுத்த சீட்டை வாங்குகிற மாதிரி அவனும் விடாமல் செய்வான். ஆனால் வருகைக்கு எப்போதும் கூலி உண்டு, ஒவ்வொரு தரமும், சாகும்வரை. வாகனம் ஓடும் ரோட்டில் அவனைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு சொல்தான்.

குசினியில் கேட்கிறவன் வெளியில் கேட்காததை நீங்கள் பிடிவாதம் என்று எழுதியிருந்தீர்கள். அது பிடிவாதம் இல்லை. நாய்க்கு 'குசினியில் இரு' ஒரு பாடம், 'வளவில் இரு' வேறு பாடம். நான் நடத்திய நாய் வெடிமருந்தின் வாசனை பட்டால் அதே இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும், அதுதான் சைகை. செம்மண் நிலத்தில் ஒரு பிழை இல்லாமல் செய்துகொண்டிருந்ததை மணல் பக்கம் கொண்டுபோனோம். முதல் சில நாள் எதுவும் தெரியாத குட்டி மாதிரி நின்றது. மண் மாறினதும், காற்று மாறினதும், அதற்கு எல்லாமே புதிது. திரும்ப லேசான பாடத்தில் இருந்து தொடங்கினோம், இந்த முறை சில நாட்களிலேயே பிடித்துக்கொண்டது. ஜிம்மிக்கும் அப்படித்தான். ஒவ்வொரு புது இடத்திலும் இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். பின்னேரம் பாண் ஓட்டோ பாட்டோடு வரும்போது வளவில் நின்று கூப்பிட்டு வந்தால், அந்தப் பாடத்தில் அவன் சித்தி.

இன்னொரு சந்தேகம் எனக்கு உண்டு, குசினியில்கூட அவனுக்கு 'இரு' என்ற சொல் தெரியுமா என்று. ஒரு சோதனை செய்யுங்கள். கையில் ஒன்றும் இல்லாமல், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாதாரணக் குரலில் 'இரு' சொல்லுங்கள். பெரும்பாலும் நின்றுகொண்டு உங்களைப் பார்ப்பான். அவன் இதுவரை படித்தது சொல்லை அல்ல, கோப்பையோடு நீங்கள் குனிகிற விதத்தை. பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை காலைத் தட்டி விடை சொல்லிக் கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. 1907இல் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து பார்த்தால், கேள்வி கேட்பவரின் தலை அசைவைப் பார்த்துத்தான் அது காலைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று தெரிந்தது. நம் வேலையிலும் இந்தப் பயம் இருந்தது. அதனால் பரீட்சை நேரத்தில் எங்கே புதைத்திருக்கிறது என்பது நாயை நடத்துகிறவனுக்கே தெரியக் கூடாது. வீட்டில் இதை நல்லதுக்குப் பாவிக்கலாம். துண்டை மூக்குக்கு மேலே மெல்லப் பின்னால் கொண்டுபோனால் தலை மேலே போகும், பின்புறம் தானாக இறங்கும். இரண்டு மூன்று தரத்துக்குப் பிறகு துண்டில்லாத வெறும் கையால் அதே அசைவு. அது நிலைத்தபிறகு, சொல்லை முதலில் சொல்லி, ஒரு நொடி விட்டு, கையை அசையுங்கள். சொல்லும் கையும் ஒன்றாகப் போனால் அவன் கையைத்தான் பார்ப்பான். சொல் முந்த வேண்டும்.

அடிப்பது பற்றி. 'நீதான் தலைவன் என்று காட்டு, மல்லாக்கப் போட்டு அமத்து' என்று ஒருவர் உங்களுக்குப் பின்னூட்டம் போட்டிருக்கிறார். அந்த யோசனை கூட்டில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருந்து வந்தது. ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1970இல் தன் நூலில் அதைப் பரப்பினார், காட்டில் ஓநாய்க் குடும்பங்களைப் பல காலம் பார்த்தபிறகு, அது பிழை, காட்டுக் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும்தான் என்று 1999இல் அவரே எழுதினார். நாய் ஓநாயும் இல்லை என்பது வேறு. மல்லாக்கப் போட்டு அமத்தப்பட்ட நாய் ஒரு நாள் அமத்துகிற முகத்தைக் கடிக்கும், அதைத்தான் நான் கண்டிருக்கிறேன். அடித்தால் ஒன்றும் படியாது என்று பொய் சொல்ல மாட்டேன், படியும். ஆனால் என்ன படியும் என்பது உங்கள் கையில் இல்லை, என் ஆட்டுக்குட்டிக் கதை மாதிரி. செருப்பைக் கடித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போடுகிறான், செய்தது பிழை என்று அவனுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் இதைச் சோதித்தார். பிழையே செய்யாத நாய்களும் ஏச்சு விழும்போது அதே முகத்தைக் காட்டின. அது குற்ற உணர்வு இல்லை, உங்கள் குரலுக்கு அவன் பயப்படுகிறான். செருப்பை உயரத்தில் வையுங்கள்.

ஆட்கள் மேல் பாய்வதை நீங்கள் இடையில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முதல் வரியில் இருக்க வேண்டிய விஷயம். நீங்கள் இருப்பது மருதமுனைக்கும் கல்முனைக்கும் நடுவில். வீட்டுக்கு வருகிற நண்பர்கள், மீன்காரர், கறண்ட் பில் போட வருகிறவர் என்று பலர் முஸ்லிம்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. ஜும்மாவுக்குப் போகிற வழியில் ஒருவருடைய சாரத்தில் ஜிம்மி மூக்கைத் துடைத்துவிட்டால், அவர் முகத்துக்குச் சிரித்துவிட்டுப் போனாலும் வீடு திரும்பி உடுப்பு மாற்ற வேண்டும். அதனால் பழக்கம் வரும்வரை ஆட்கள் வருகிற நேரம் கட்டி வையுங்கள், 'ஒண்டும் செய்யாது, பயப்படாதீங்க' என்று சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். பழக்குவது இப்படி: பாய்கிற நாய்க்கு வேண்டியது உங்கள் முகமும் கையும். 'டேய் இறங்கு' என்று தள்ளினாலும் அவனுக்குக் கை கிடைத்துவிட்டது. பாய்ந்தால் மரம் மாதிரித் திரும்பி நில்லுங்கள். நாலு காலும் நிலத்தில் பட்டதும் டொக், துண்டைக் கீழே நிலத்தில் வையுங்கள். வீட்டார் எல்லோரும் இரண்டு கிழமை இப்படிச் செய்தால், ஆளைக் கண்டதும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்குவான். நடுவில் சில நாள் முன்னையைவிட மோசமாகப் பாய்வான், பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று சத்தமாகக் கேட்கிற மாதிரி. அந்த நாட்களில் ஒருவர் மனமிரங்கித் தலையைத் தடவினாலும் எல்லாம் வீண்.

மோட்டார் சைக்கிள் துரத்தல் மற்ற எல்லாவற்றிலும் கஷ்டம். அங்கே நீங்கள் கொடுக்கிற ஈரலைவிட ஓட்டமே பெரிய கூலி. ஒவ்வொரு தரமும் சைக்கிள் 'பயந்து ஓடிவிடுகிறது', அவன் வென்றுவிடுகிறான். ஆகவே முதலில் கேற்றைச் சாத்துங்கள், அதற்கு மாற்று இல்லை. அப்புறம் வளவுக்குள் கயிற்றோடு, ரோட்டில் இருந்து வெகுவாகத் தள்ளி நின்று, சைக்கிள் சத்தம் கேட்டதும் அவன் பாயுமுன் உங்களைப் பார்த்தால் டொக், துண்டு. தூரத்தை நாள்கணக்கில் அல்ல, கிழமைக்கணக்கில் குறையுங்கள். சில நாய்களை முழுதாக மாற்ற முடியாமல் கேற்றையும் கயிற்றையும் நம்பியே நானும் இருந்திருக்கிறேன். கருத்தடை செய்தால் துரத்தல் நிற்குமா என்று சிலர் கேட்பார்கள். பெட்டை நாய் தேடி அலைவது குறையும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. துரத்தலும் பாய்ச்சலும் அதனால் மாறும் என்று நம்பிச் செய்யாதீர்கள். குட்டிகள் தெருவில் பெருகாமல் இருக்கவாவது செய்யலாம்.

நீங்கள் கேட்ட வித்தைகள்தான் இதில் மிக லேசு. 'கை கொடு'வுக்குத் துண்டை மூடின கைக்குள் வைத்து நீட்டுங்கள். மோப்பம் பிடிப்பான், நக்குவான், கடைசியில் காலால் சுரண்டுவான், அந்த நொடியில் டொக். இரண்டு மூன்று பின்னேரம் போதும். நான் கூட விரும்புவது 'கும்பிடு'. நித்திரையால் எழும்பினதும் நாய்கள் முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தாழ்த்திச் சோம்பல் முறிக்கும் அல்லவா, அதைக் காலையில் பார்த்திருந்து டொக் போட்டுக் கூலி கொடுங்கள். சில கிழமையில் ஆளைக் கண்டால் கும்பிடுவான், வருகிறவர்களும் அவன்மேல் உள்ள பயத்தை மறந்துவிடுவார்கள். பின்னங்காலில் மட்டும் எழும்பி நிற்க வைத்து வணக்கம் போட வைப்பதை விடுங்கள். இடுப்புக்கு நல்லதில்லை, பாய்வதற்கும் அது முதல் படி.

சொற்களை நாய் எவ்வளவு விளங்கிக்கொள்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் வாதாடுகிறார்கள். சேசர் என்ற, போர்டர் கோலி சாதி நாய் ஒன்று ஆயிரத்துக்கு மேல் பொருட்களின் பெயரைப் படித்தது, அது பதிவான விஷயம். ஆனால் சேசரின் ஆசான் அதற்காகத் தினமும் மணிக்கணக்கில் உழைத்தார். அதை வைத்து எல்லா நாயும் பேச்சை விளங்கும் என்று சொல்ல வர மாட்டேன். 'அவனுக்கு எல்லாம் விளங்கும், வேணுமெண்டு கேட்கிறான் இல்லை' என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்யவில்லை என்றால் விளங்கவில்லை, அல்லது கூலி காணாது, அல்லது பயம், அல்லது உடம்பில் ஏதோ வலி என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். வலி என்பதை லேசாக எடுக்காதீர்கள். காதில் புண் இருக்கிற நாய் கழுத்துப்பட்டிக்குக் கை நீளும்போது ஒதுங்கத்தான் செய்யும். மிருக வைத்தியரிடம் ஒருதரம் காதையும் உண்ணியையும் பார்ப்பித்துக்கொள்ளுங்கள், விசர்நாய்த் தடுப்பூசி வருடாவருடம் தவறக் கூடாது. பழக்கும்போது பல் தற்செயலாகக் கையைக் கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலை எட்டு மணிக்குப் பிறகு வெளியில் பழக்க வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். எங்கள் நாய்களையும் வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுவோம். புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள், ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. மாரியில் மழைக்குள் இறங்க வேண்டாம், விறாந்தையில் 'கிட', 'விடு' பழக்க நல்ல காலம் அது. திரௌபதை அம்மன் கோயில் திருவிழா நாட்களில், ஒலிபெருக்கியும் சனமும் இருக்கும்போது, புதிதாக ஒன்றும் தொடங்காதீர்கள். உள் அறையில் விட்டு, அவன் பயத்தில் ஒண்டிக்கொண்டால் பக்கத்தில் இருங்கள், அதனால் அவன் கெட்டுப்போக மாட்டான்.

காசு கேட்கிறவர் பற்றி. ஆளை எனக்குத் தெரியாது, ஆகவே நல்லவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் அவரிடம் விட்டால் ஜிம்மி அவருடைய வளவில் அவருடைய சொல்லுக்கு இருப்பான். மண் மாறின என் நாய் போல, உங்கள் வளவுக்கு வந்ததும் பாதி கழன்றுவிடும். அந்தக் காசில் அவரைக் கிழமைக்கு ஒருதரம் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி, உங்களுக்குப் பழக்கச் சொல்லுங்கள். வருவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: 'சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?' பாடத்தை லேசாக்குவேன் என்று சொன்னால் கூப்பிடுங்கள். சங்கிலியைச் சுண்டுவேன், பட்டினி போடுவேன் என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாளைக்கே எல்லாம் தொடங்க வேண்டாம். இந்தக் கிழமை டொக், 'இஞ்ச வா' இரண்டும் போதும், அதுவும் வீட்டுக்குள். ஒரு கொப்பியில் எத்தனை தரம் கூப்பிட்டீர்கள், எத்தனை தரம் வந்தான் என்று குறியுங்கள். பத்துக்கு எட்டுக்குக் குறைந்தால் வெளியில் இறங்காமல் அதே இடத்திலேயே இருங்கள். ஏழு நாள் கழித்து அந்தக் கணக்கை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு வளவுக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன். மாமாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.